திட்டக்குடி வழியா, மங்களூர் வழியா?

பெண் பார்க்கப் போகிற இடத்தில் பஜ்ஜிக்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவரின் வீட்டில், அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

வேப்பூரிலிருந்து அம்மா, பெரியப்பா, நான் போயிருந்தோம். பெண் கலைவாணி, செராமிக் டிப்ளமோ படித்தவள். "ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வாங்க" என்று எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். (தனி அறை என்றுதான் பெயர், நடுவில் வெறும் திரைச்சீலை.) என்ன பேசுவது என்று விழித்தபோது, அவள் செல்போன் உறையில் 'செந்நிலவுப் படை' படம் தெரிந்தது. அது ஓர் அயல்நாட்டு விண்வெளித் தொடர். டிவியில் அது தமிழ் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம்.

"நீங்களும் பாப்பீங்களா?"

"எல்லா பாகமும். ஜோரன் லீராவக் கட்டிக்கிற எடத்துல அழுதுட்டேன்."

நல்லவனாக இருந்தால் நானும் கண்ணைத் துடைத்திருப்பேன். ஆனால் எனக்கு ஒரு தீராத சந்தேகம் இருந்தது. லீராவின் அப்பா ஜோரனுக்கு என்ன உறவு? ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லித் தப்பித்துவிட்டார்கள். டிவித் தமிழில் அவர் மாமா. பின்னால் செல்போன் ஆப்பில் வந்தபோது புதிதாகக் குரல் கொடுத்தவர்கள் சித்தப்பா ஆக்கிவிட்டார்கள். மாமா என்றால் லீரா முறைப்பெண், சித்தப்பா என்றால் தங்கை. இதில் எது உண்மையான கதை, அதை யார் சொல்வது?

"ஆப்புல வந்ததுதாங்க கடைசி. அதான் செல்லும்" என்றேன்.

"ஏன், எழுதுனவங்களக் கேக்கலாமே?"

"அவங்களுக்கு மாமாவும் ஒண்ணு, சித்தப்பாவும் ஒண்ணு. கேட்டா முழிப்பாங்க."

"அப்ப நாங்க டிவியில பாத்து அழுதது? சூளையில வெந்து வந்த பொம்மைக்கு அப்புறமா மூக்க மாத்துவீங்களா?"

நியாயமான கேள்விதான். அதனால் குரலை உயர்த்தினேன். "தங்கச்சி முறைங்க! தங்கச்சியப் போயி எப்படிங்க கட்டிக்கிறது?"

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பெரியப்பா. "நம்ம வேப்பூர் பக்கத்து மங்களூர் சொந்தத்து வழியா பாத்தா இவங்க நமக்குப் பங்காளி. அண்ணன் தங்கச்சி முறைதான் ஆவுது." (அப்பவே நினைத்தவர் எதற்காக மூன்றாவது பஜ்ஜியை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.)

கூடத்துக்கு ஓடிப்போய், "ஐயோ, அது விண்வெளியிலங்க!" என்றேன். யாரும் மதிக்கவில்லை.

கலைவாணியின் அத்தை விடவில்லை. "அதெப்படி? திட்டக்குடி வழியா பாத்தா பையன் மாமன் மவன். கட்டிக்கிற முறைதாங்க."

ஒரே பையன், ஒரே பெண். ஒரு வழியில் அண்ணன், இன்னொரு வழியில் மாப்பிள்ளை. இரண்டும் பொய்யில்லை. வெட்கத்தை மறந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தபோதுதான் புரிந்தது. எனக்கு இந்தப் பெண் வேண்டும். என்னோடு இவ்வளவு அக்கறையாக யாருமே சண்டை போட்டதில்லை.

கலைவாணியின் அம்மா சொன்னார்: "ரெண்டு வழியும் இருக்குதில்ல? கட்டிக்கப் போறவ எந்த வழின்னு சொல்லட்டுங்க."

எல்லோரும் திரைச்சீலையைப் பார்த்தோம். அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "திட்டக்குடி வழியே இருக்கட்டும்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றும் எங்கள் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து உறவினர் வந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே, "இப்ப எந்த வழிப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பெரும்பாலும் திட்டக்குடிதான். சண்டை வந்தால் மட்டும் கலைவாணி, "இன்னைக்கு மங்களூர் வழிண்ணே" என்பாள். நான் மறுபேச்சில்லாமல் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவேன்.