படத்திறப்பில் நான் வாசித்த இயைபு

வரியின் தொடக்கத்தில் வரும் மோனை காதைத் தடவிவிட்டுப் போய்விடும். வரிக் கடைசியில் வரும் இயைபு அப்படியில்லை. அது கேட்பவரின் வாயைத் திறக்க வைக்கும். இதை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நீலசந்திரா என்ற பகுதியில், என் பெரிய மாமனாரின் படத்திறப்பில் கற்றுக்கொண்டேன்.

அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை கவிதை எழுதுவார் என்று என் மனைவி பெருமையாகச் சொல்லிவைத்திருந்ததால், இரங்கற்பா என் தலையில் விழுந்தது. (விழவில்லை, நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன்.)

மைக்கைப் பிடித்தேன். “சுரங்கத்தில் இறங்கினார், சுமையெல்லாம் தாங்கினார், பிறர் துயர் கண்டால் ஏங்கினார்…”

நாலாவது வரியிலேயே கூட்டம் கூடவே முணுமுணுத்தது. அரைகுறைத் தமிழ் தெரிந்த கன்னடக்காரப் பக்கத்து வீட்டுக்காரர்கூட ‘ங்கினார்’ மட்டும் சரியாகச் சேர்ந்து சொன்னார். உருகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியில் குரலைத் தழுதழுக்க விட்டேன்.

“சனிக்கிழமை தோறும் மறக்காமல்…”

காகிதத்தில் ‘மனைவிக்கு மல்லிகை வாங்கினார்’ என்று இருந்தது. நான் ஒரு நொடி நிறுத்தியது தப்பு.

“குவார்ட்டர் வாங்கினார்” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அவர் பெரியவரோடு முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். கேலி செய்யும் ஆளே இல்லை. இயைபுக்கு ஏற்றாற்போல் வாய் தானாக ஓடிவிட்டது. தான் சொன்னதைக் கேட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் முன்புதான் இன்னொருவர், அண்ணன் மதுவைத் தொட்டதே இல்லை என்று பேசி அமர்ந்திருந்தார். எனக்கு மாலை போட்ட படத்தைப் பார்க்கவும் பயம், என் மனைவியைப் பார்க்க அதைவிடப் பயம்.

அத்தை, அதாவது பெரிய மாமனாரின் மனைவி, பதினாறு நாளாக யாரோடும் சரியாகப் பேசாதவர், மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“குவார்ட்டர் இல்லண்ணே, ஆஃப்.”

சொல்லிவிட்டு அவரே குலுங்கினார். அழுகிறார் என்று பதறி எழுந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கூடமே சிரித்தது. ‘நம்மை விட்டு நீங்கினார்’ என்ற கடைசி வரியை எல்லோரும் ஒரே குரலில், அழுகையும் சிரிப்புமாகச் சொல்லி முடித்தார்கள். நான் வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் புதுக்கவிதை மட்டும்தான் எழுதுகிறேன். அத்தைக்கு அதில் திருப்தியில்லை. போன வாரம்கூட, காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, குடும்பமே கேட்கும்படி சொன்னார்:

“எனக்கு எழுதுறப்ப அதே மாதிரி எழுதுங்க மாப்பிள்ளை. நடுவுல நிறுத்தி நிறுத்திப் படிங்க. என்னைப் பத்தியும் வர்றவங்களுக்கு நிறையத் தெரியும்.”