தள்ளி ஸ்டார்ட் செய்த வீடு

இந்த உலகத்தில் ஒரு வீட்டைத் தள்ளி ஸ்டார்ட் செய்தவர்கள் மொத்தமே ஐந்து பேர்தான். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினோம். ஐந்தாமவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் தம்பிங்களா, மூச்சு வந்துட்டுது!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர்தான் நத்தை. வேறு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஓசூரில் கண்ணை மூடித் திறந்தால் ஒரு தொழிற்சாலை முளைத்திருக்கும். அப்படி முளைத்த ஒன்றில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். நத்தை அங்கே இன்ஸ்பெக்டர். நான் கடைந்து கொடுப்பதை அளந்து பார்த்து, தலைமுடி அளவு கூடினாலும் ரிஜெக்ட் என்று சிவப்புப் பெயின்டைத் தடவிவிடுவார். அந்த மனிதரைத்தான் பெண் வீட்டார் வரிசையாக ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள். வயது முப்பத்தெட்டு. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "சொந்த வீடு இருக்குதுங்களா?"

சொந்த வீடு கிடக்கட்டும், வாடகை வீடே கிடைக்காத ஊர் அது. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடையாது என்பார்கள் வீட்டுக்காரர்கள். வீடு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்பார்கள் பெண்ணைப் பெற்றவர்கள். மனிதர் எங்கேதான் போவார்? பெங்களூருக்குப் போனார்.

அங்கே நொடித்துப்போன ஒரு சர்க்கஸின் மேனேஜர் குடியிருந்த வேனை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே கட்டில், அலமாரி, ஸ்டவ் மேடை, நின்றபடி குளிக்க ஒரு மறைப்பு எல்லாம் இருந்தன. வெளியே ஒரு சிங்கமும் இருந்தது. அதன் மேல் மூன்று கோட் பச்சைப் பெயின்ட் அடித்தார். சிங்கம் மறைந்தது, பல் மட்டும் மறையமாட்டேன் என்றது. நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வேனை நிறுத்தி, மாவிலைத் தோரணம் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறினார். அன்றிலிருந்து அவர் நத்தை.

காலையில் வீட்டோடு வேலைக்குக் கிளம்புவார். தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வீட்டை நிறுத்துவார். மத்தியானம் மணி அடித்ததும், "வூட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று வாட்ச்மேனிடம் கம்பீரமாகச் சொல்லிவிட்டு இருபதடி நடப்பார். அந்தச் சந்தோஷத்தை இன்று வரை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

கிளம்பினால்தானே எல்லாம்! அந்த வேனில் இரண்டு பேட்டரிகள். ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும். சர்க்கஸ்காரர் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தார். நத்தை நடுவே ஒரு ஒயரைப் போட்டுச் சேர்த்துவிட்டார்.

"ஒரே வூட்டுக்குள்ள எதுக்கு தனிக்குடித்தனம்? கூட்டுக் குடும்பமா இருக்கட்டும். ஒண்ணுக்கு முடியலன்னா இன்னொண்ணு தாங்கிக்கும்" என்றார்.

தாங்கவில்லை. ஃபேனும் ரேடியோவும் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சிவிட, விடிந்தால் இரண்டும் ஜோடியாகப் படுத்திருக்கும். ஆனால் பேட்டரி செத்துப்போச்சு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. "குடியிருக்கிற வூட்ல அந்த வார்த்தை பேசாத தம்பி. தூங்குது" என்பார்.

தூங்குவதை எழுப்ப, கட்டைவிரல் தடிமனில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு கேபிள்கள் வைத்திருந்தார். அவற்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று, போகிற வண்டியை எல்லாம் மறிப்பார். கர்நாடக நம்பர் லாரி என்றால் "ஸ்வல்ப கரெண்ட் கொடி சார்." தெலுங்குக்காரர் என்றால் "கொஞ்செம் கரெண்ட் இவ்வண்டி." இரண்டுக்கும் கொஞ்சம் கரெண்ட் கொடுங்கள் என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டில் காபித்தூள் கேட்கிற குரல். "நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்" என்று வேறு சொல்வார்.

லாரி கிடைக்காத நாட்களில் நாங்கள். நாங்கள் என்றால் நானும் லாட்ஜில் என் அறையில் இருந்த மூன்று பேரும். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். வண்டி உயிர் பிடித்ததும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி தூங்கிவிடும். ஓடிப்போய்த்தான் தொற்றி ஏற வேண்டும். ஆனால் அது வீடாயிற்றே, செருப்போடு ஏறக் கூடாது!

"செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு அப்புறம் தள்ளுங்க" என்பது நத்தையின் சட்டம். வைத்த இடத்தில் செருப்பு இருக்கும், நாங்கள் வெறுங்காலோடு தொழிற்சாலையில் இறங்குவோம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் செருப்பு இருக்காது. நாலாவது ஜோடி தொலைந்த அன்று, இனி இந்த ஆளின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சபதம் செய்தேன். மறுநாள் காலை "தம்பீ..." என்று கூப்பிட்டார். போய்த் தொலைத்தேன்.

இப்படி இருக்கையில் கெலமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் ஈஸ்வரி. விவசாயக் குடும்பம். வழக்கமான கேள்விக்கு நத்தை இந்த முறை நெஞ்சை நிமிர்த்தி "இருக்குதுங்க" என்றாராம். "அப்ப ஞாயித்துக்கெழம வந்து வூட்டைப் பாக்கறோம். புடிச்சிருந்தா மேக்கொண்டு பேசலாம்" என்றாராம் பெண்ணின் அப்பா.

"நீங்க எதுக்குங்க அலையணும்? வூட்டை நானே கொண்டாந்து காட்டறேன்."

வீட்டுப் பத்திரத்தைத்தான் சொல்கிறார் என்று அந்தப் பெரிய மனிதர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை நத்தை எங்கள் அறைக்கு வந்தார். எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை. "தம்பிங்களா, இதுவும் இல்லன்னு ஆயிட்டா இனிமே நான் யார் வாசல்லயும் போயி நிக்கறதா இல்ல. போதும்பா, அசிங்கமா இருக்குது" என்றார்.

ஞாயிறு காலை, செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கத் தள்ளினோம். வண்டி பிடித்துக்கொண்டது. கெலமங்கலம் போய்ச் சேர்ந்து, பெண் வீட்டு வாசலில் அலுங்காமல் நிறுத்தினார். நிறுத்தியவர், பெரியவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து, இன்ஜினையும் அணைத்துவிட்டார்! அடப்பாவி மனுஷா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். வேனைப் பார்த்தார். சிங்கத்தின் பல்லைப் பார்த்தார். வெறுங்காலோடு இறங்கிய எங்கள் நாலு பேரையும் பார்த்தார்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல செருப்பு போடற வழக்கமே இல்லியா?"

நத்தை மட்டும் தன் செருப்பை டிரைவர் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, "உள்ள வாங்க" என்று கும்பிட்டார். அப்பா, அம்மா, ஈஸ்வரி மூன்று பேரும் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் தங்கள் செருப்புகளைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். அம்மாவுக்கு ஸ்டவ் மேடை பிடித்துவிட்டது. அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், வெளியே எட்டிச் சூரியனைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னா தம்பி, வாசப்படி மேக்கால பாத்து இருக்குது? எங்களுக்கு மேக்கு வாசல் ஆகாதே."

"உங்களுக்கு எந்தத் திசைங்க வேணும்?"

"கெழக்கு."

"ஒரு நிமிஷம் உக்காருங்க, திருப்பிடறேன்" என்று சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினார் நத்தை.

டக். அவ்வளவுதான்.

மறுபடி திருகினார். டக். எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பின்னால் ஓடித் தள்ளினோம். மேட்டுத் தெரு, வீடு அசையவில்லை. "என்னாச்சு?" என்றார் அப்பா. "தூங்குதுங்க" என்றார் நத்தை. அந்த வார்த்தையை அவ்வளவு பரிதாபமாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காத ஈஸ்வரி, சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இந்த ஒயரைப் போட்டது யாருங்க?"

"நான்தான்... ரெண்டும் கூட்டுக் குடும்பமா..."

"அதான் ரெண்டும் சேந்து படுத்துக்கிச்சி. தனித்தனியா இருந்தா, வூட்டு பேட்டரி எறங்கினாலும் இன்ஜின் பேட்டரி நிக்கும்ல?" சொல்லிக்கொண்டே ஒயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "அப்பா, நீங்க உக்காருங்க. நான் டிராக்டரை எடுத்தாறேன்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனாள்.

எங்களுக்கு வாய் பிளந்துவிட்டது. "தோட்டத்துல டீசல் இன்ஜின், டிராக்டர் எல்லாம் அதோட பொறுப்புதான்" என்றார் அப்பா, கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக.

டிராக்டரை வேனோடு ஒட்டி நிறுத்தி, ஓடவிட்டபடியே இறங்கி வந்து கையை நீட்டினாள். நத்தை அதற்குள் பழக்கதோஷத்தில் எடுத்துக் கழுத்தில் போட்டிருந்த கேபிள்களைக் கழற்றிக் கொடுத்தார். சிவப்பை இந்தப் பேட்டரியிலிருந்து அந்தப் பேட்டரிக்கு மாட்டினாள். கறுப்பை டிராக்டர் பேட்டரியில் மாட்டி, மறுமுனையை வேன் பேட்டரியில் வைக்காமல் தள்ளி இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டாள். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. நத்தை மாட்டினால் தீபாவளிதான்!

"செத்த நேரம் இருங்க... ம், இப்ப சாவியைப் போடுங்க."

போட்டார். வீடு உறுமியது. "நிறுத்திடாதீங்கண்ணே!" என்று நாங்கள் நாலு பேரும் அலறினோம். கேபிளை எடுத்ததும், உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா அம்மாவோடு வீடு கிளம்பிவிட்டது. குறுகலான தெரு, திருப்ப வேண்டுமென்றால் ஊர்க்கோடி வரை போயாக வேண்டும். அம்மா ஜன்னல் வழியாகத் தெருக்காரர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு போனார்.

தெருவில் நாங்களும் ஈஸ்வரியும் நாலு ஜோடிச் செருப்பும் மட்டும். வீடு போய்விட்டது, வாசலில் விட்ட செருப்புகள் அப்படியே நின்றன.

அவள் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தாள். பிறகு குனிந்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தெருவின் கிழக்கு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்து நிற்கும்போது வாசற்படி அந்தப் பக்கம்தானே வரும்! அப்பா செருப்பு, அம்மா செருப்பு. கடைசியாக நத்தையின் தேய்ந்துபோன செருப்பை வைத்து, அதை ஒட்டினாற்போலத் தன்னுடையதை வைத்தாள். எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வாய் திறந்து சம்மதம் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து அதே வீட்டில் குடிவந்தார்கள். முதல் திங்கட்கிழமை காலை, நாங்கள் வழக்கம்போலப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் கை வைத்து நின்றோம். நத்தை சாவியைத் திருகினார். ஒரே திருகு, பிடித்துக்கொண்டது. தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க தம்பிங்களா" என்றார். புதுசாகக் கல்யாணமானவர்கள் வீடு, கூச்சமாக இருந்தது. நடந்து வருகிறோம் என்றோம்.

வீடு தன்னால் போய்விட்டது. எங்கள் செருப்பெல்லாம் முதல் தடவையாக எங்களோடேயே இருந்தது. போட்டுக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. நாளைக்காவது தூங்கிவிடேன் என்று அந்தப் பாழாய்ப்போன பேட்டரியிடம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நான் வெறுங்காலோடு நடந்தேன்.