தும்மலுக்கு எதிரி தூசி ஐயங்கார்

கொசுவை விரோதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரை விரோதிக்காதவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனால் தும்மலைத் தம் சொந்தப் பகையாளியாக நினைத்து, அதை ஒழிக்கவே பிறவி எடுத்ததாக நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் தூசி ஐயங்கார். ஆலையின் வருகைப் பதிவில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் உறையூரில் ஒரு மூக்குப்பொடி ஆலையில் நான் குமாஸ்தா. காய்ந்த புகையிலையை எந்திரத்தில் போட்டு மாவாக அரைப்பார்கள். மாவில் பாதி டப்பாவுக்குள் போகும். மீதி எங்களுக்குள் போகும். தபால்காரர் வாசலோடு நின்று கடிதங்களை உள்ளே வீசிவிட்டு ஓடுவார். டெலிபோனில் கூப்பிடுகிறவர்கள் எங்கள் தும்மலைக் கேட்டுத்தான் சரியான நம்பர் என்று தெரிந்துகொள்வார்கள். முதலாளி கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்தில் ஒரு தும்மல் தும்முவார். பேனா நீளமாக வால் இழுக்கும். வால் இல்லாத கையெழுத்தை பாங்கியில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். அரைவைக் கூடத்துக்குள் நுழைந்து, "இங்கே எத்தனை பேர்..." என்று ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை அவர் முடிக்கவே இல்லை. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து மோர் கொடுத்தோம். கண் தெளிந்ததும், தூசி உறிஞ்சும் இயந்திரம் வைக்காவிட்டால் ஆலையைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரம் மதராஸிலிருந்து லாரியில் வந்தது. அதை மாட்டி ஓட்டுவதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் ஐயங்கார் வந்தார். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். நெற்றியில் பளிச்சென்று திருமண். எந்திரத்தின் பெல்ட் இழுத்துவிடாமல் இறுக்கிக் கட்டிய பஞ்சகச்சம், அரைக்கைச் சட்டை, எல்லாம் தும்பைப்பூ வெள்ளை. புகையிலை ஆலைக்கு இந்த வேஷமா என்று முதலாளி கேட்டார்.

"சாயந்திரம் இது இப்படியே இருந்தா இயந்திரம் வேலை செய்யறதுன்னு அர்த்தம். அழுக்காச்சுன்னா அடியேனை அனுப்பிடுங்கோ" என்றார் ஐயங்கார்.

இயந்திரத்தை அவர் 'அது' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அவர்'தான். லாரியிலிருந்து இறக்கும்போது, "அவரை மெதுவா எழுந்தருளப் பண்ணுங்கோ, குலுக்காதேங்கோ" என்று கூலியாட்களோடு கூடவே ஓடினார். ஒவ்வொரு எந்திரத்தின் தலைக்கு மேலும் தகரக் குடை, குடையிலிருந்து குழாய், குழாய்கள் எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் நீள நீளமான துணிப்பைகள் புடலங்காய் மாதிரித் தொங்கும். காற்றாடி சுழன்று காற்றை இழுக்கும்; தூசி பைகளுக்குள் தங்கிவிடும்; சுத்தமான காற்று வீதிப்பக்கம் போகும். இதுதான் ஏற்பாடு.

ஆரம்ப விழா அன்று முதலாளி தேங்காய் உடைத்தார். ஐயங்கார் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கூடத்திலிருந்த தூசி முழுவதும் ஒரே மூச்சில் மேலே போயிற்று. நாங்கள் கைதட்டினோம். அதே சமயம் வீதியில் மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நாகஸ்வரம் நின்றது. தவில் மட்டும் கொஞ்ச நேரம் தாளம் தப்பிக் கேட்டது. அப்புறம் அதுவும் தும்மியது. எட்டிப் பார்த்தால் காரில் மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அழுகிறார் என்று நினைத்துப் பெண் வீட்டார் சமாதானம் சொன்னார்கள்.

ஐயங்கார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "ஒரு பைக்கு வாயைக் கட்ட மறந்துட்டேன். அடியேன் அபசாரம்" என்றார். அந்தக் குரலில் வருத்தமே இல்லை. வீதி வரைக்கும் இழுத்துத் தள்ளிய இயந்திரத்தின் சக்தியில் அவருக்குப் பெருமைதான்.

மறுநாளிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானமும் சாயந்திரமும் காற்றாடியை நிறுத்தி, கைப்பிடியை ஆட்டிப் பைகளை உதறுவார். பொடி கீழே தொட்டியில் விழும். கிழிசல் இருந்தால் தாமே ஊசி நூலோடு உட்கார்ந்து தைப்பார். ஆலையில் காற்று என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் தலை வலித்தது.

மேஸ்திரிக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது. அரைவைக்காரர்கள் தூண் தூணாகச் சாய்ந்து நின்றார்கள். முதலாளியின் கையெழுத்து வால் இல்லாமல் பாங்கியிலிருந்து திரும்பி வந்தது. பொட்டலம் கட்டும் பெண்களுக்குத் தலைவி அந்தோணியம்மா. பாலக்கரைக்காரி, குரலைத் தாழ்த்தினால்கூட வரகனேரி வரைக்கும் கேட்கும். அவள் படையோடு புறப்பட்டு வந்தாள்.

"சாமி, அந்த மிஷினை நிறுத்துங்க. எங்களுக்குத் தும்மல் வரமாட்டேங்குது."

"அதுக்குத்தானேம்மா அவரை வெச்சிருக்கு?"

"தும்மல் வராம மண்டை கனக்குதுங்க. நேத்து ராத்திரி சோறு எறங்கல. புருசனை அடிச்சிட்டேன்."

"இது பொடிப் பழக்கம். இத்தனை வருஷமா மூச்சோட உள்ள போயிருக்கு. திடீர்னு நின்னா அப்படித்தான். ஒரு சிட்டிகை வேணா போட்டுக்கோங்கோ."

அந்தோணியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுறீங்க? நாங்க பொடி போடுறவங்களா? எங்க வம்சத்துலயே யாரும் அதைத் தொட்டதில்ல!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும், தங்கள் வம்சத்திலும் இல்லை என்றார்கள்.

ஐயங்கார் இரும்புப் பெட்டியின் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "முன்னே ஒரு பஞ்சாலையில இருந்தேன். பக்கத்து மிஷின்ல கோவிந்தன்னு ஒருத்தன். எல்லாம் பஞ்சுத் தூசி. நன்னாப் பாடுவான். அப்புறம் பாட்டு நின்னுது. அப்புறம் மாடிப்படி ஏற முடியல. இப்போ எங்கேயும் ஏற வேண்டாம்னு போயிட்டான்."

"அது பஞ்சுங்க. இது பொயில. பல்வலிக்கே நல்லது" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மா திரும்பிப் போனாள். போகும்போது இருமினாள். அவள் எப்போதும் இருமுவாள். அதை யாரும் இருமலாகக் கணக்கில் வைத்ததில்லை.

அடுத்த நாள் காலை காற்றாடியின் பெல்ட்டைக் காணவில்லை.

முதலாளி ரொம்ப வருத்தப்படுவதுபோல், "புது பெல்ட் மதராஸ்லேருந்துதான் வரணும். அதுவரைக்கும் பழையபடி ஓட்டட்டும்" என்றார். எந்திரங்கள் ஓடின. தூசி எழும்பியது. ஆலை முழுவதும் ஆனந்தமாகத் தும்மியது. மேஸ்திரி சிரித்தே விட்டார்.

ஐயங்கார் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அரைவைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க எதுக்குய்யா உட்கார்ந்திருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"இவா சுவாசிக்கறதை அடியேனும் சுவாசிக்கறேன்" என்றார். அதற்கப்புறம் அவரால் பேச முடியவில்லை.

எங்களுக்கெல்லாம் தும்மல் சாப்பாடு மாதிரி. அவருக்கு அது விஷம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது. கண் வீங்கி மூடிக்கொண்டது. திருமண் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. வெள்ளைச் சட்டை காப்பிக்கொட்டை நிறமாயிற்று. வெளியே வரச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. முதலில் பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். கடைசியில் அவர் தும்மல் நின்று மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அந்தோணியம்மா எழுந்துவிட்டாள்.

"போதும் ஐயரே! செத்துகித்துப் போயிடாதீங்க!"

"ஐயரில்லே... ஐயங்... அச்! ...கார்" என்றார்.

அவள் தன் சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து பெல்ட் சுருண்டு விழுந்தது. "இந்தாங்க, மாட்டித் தொலைங்க" என்று சொன்னவள், தானே போய் எந்திரங்களை நிறுத்தச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஐயங்கார் ஒரு தந்திரம் செய்தார். குழாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகரக் கதவு ஒன்று உண்டு. அதைப் பாதி மூடி, கொஞ்சம் தூசியைக் கூடத்திலேயே விட்டுவைத்தார். பிறகு தினமும் யாருக்கும் தெரியாமல் ஒரு நூலளவு திறந்துகொண்டே போனார், குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கிற மாதிரி. ஆடி போய் ஆவணி வந்தது. கதவு முழுவதும் திறந்திருந்தது; ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை. அந்தோணியம்மா இருமாமலே சண்டை போட ஆரம்பித்தாள். அதனால் சண்டைகள் நீண்டன என்பது வேறு விஷயம். பாங்கிக்காரர்கள் முதலாளியிடம் புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஐயங்காருக்கு விஷ ஜுரம் வந்துவிட்டது. ஈரத்தில் பைகளுக்குள் பொடி பிசின் மாதிரி அப்பிக்கொண்டது, இயந்திரம் முனகியது. நிறுத்திவிடலாம் என்றார் முதலாளி. அந்தோணியம்மா கேட்கவில்லை. பெண்கள் பைகளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கரியடுப்புச் சூட்டில் காயவைத்து உதறி, பழையபடி மாட்டினார்கள். வாயைக் கட்ட ஒருத்தியும் மறக்கவில்லை.

பிறகு அவளும் நானும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினோம். சித்திரை வீதியில் அவர் வீட்டு ரேழியில் கயிற்றுக் கட்டில். ஐயங்கார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பையெல்லாம் உதறினேளா?"

"உதறியாச்சு சாமி. அவரு நல்லா இருக்காரு. நீங்க தூங்குங்க" என்றாள் அந்தோணியம்மா. அவள் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் என் பக்கம் சாய்ந்தாள். "மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டிருக்கேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவாரு."

நான் சொல்லவில்லை. பத்து நாளில் அவர் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார், தம் அரங்கன் ஒருவனே காப்பாற்றினான் என்ற முழு நம்பிக்கையோடு. நானும் அவருக்குத் தெரியாமல் மலைக்கோட்டை ஏறிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.