நாலாம் பாரத்துப் பெண்கள் மாட்டேன் என்ற நாள்

சேசு மரி சூசை

இலுப்பூர்,
12-7-61, புதன்.

பாசமுள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை அருள்ராணி பணிந்து எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் நலம். யாவரும் என்று எழுதித்தான் பழக்கம். எழுதிய பிறகுதான் இந்த அறையில் நான் ஒருத்தி மட்டுமே இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே, நான் நலம். அங்கு தாங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பெண்பிள்ளை ஊர்விட்டு ஊர் ஒண்டியாகக் கிடந்தது போதும், வேலையை விட்டுவிட்டுப் பொன்மலைக்கு வந்துவிடு, மதினிக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நானே வந்து உன் பெட்டி படுக்கையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே ஆகட்டும். வருகிறேன். உங்கள் சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போன காலத்தில் கணக்குப் பாடம் எடுக்க ஆசைப்பட்டேன். இங்கிலீஷ் எடு என்றீர்கள், எடுத்தேன். பச்சைச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். நீலம்தான் படிக்கிற பெண்ணுக்கு அழகு என்றீர்கள், நீலத்தைக் கட்டிக்கொண்டேன்.

நான் இங்கே ஒண்டியாக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதும் சரிதான். வீட்டுக்கார அம்மாள் பிரகதாம்பாள் நல்லவர், ஆனால் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதோடு, விளக்கு வைத்துவிட்டால் 'இல்லை' என்ற சொல்லை அவர் வாயால் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்கு ஆகாதாம். வந்த புதிதில் ஒரு மாலை, கொஞ்சம் சீனி கிடைக்குமா என்று கேட்டேன். "சீனி நெறைஞ்சு கெடக்கு டீச்சரம்மா" என்றார். நான் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்கு வெள்ளனா கடைக்குப் போகணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷத்தில் நாங்கள் இருவரும் பேசிய நீளமான பேச்சு அதுதான். சனி ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பதால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போது முதல் பெயர் எப்போதும் கரகரவென்றுதான் வருகிறது. அந்த முதல் பெயருக்குரிய அழகி, "சுக்கு வச்சுக் குடிங்க டீச்சர்" என்று வாரம் தவறாமல் வைத்தியம் சொல்கிறாள்.

இது போதாதென்று, போன வாரம் நானே ஒரு வினையைத் தேடிக்கொண்டேன். நாலாம் பாரத்துக்கு, மறுப்பைச் சொல்லும் இங்கிலீஷ் வினைச்சொற்களை நடத்தினேன். ரெஃப்யூஸ், டிக்ளைன், நெக்லெக்ட், ஃபெயில் எல்லாம் ஒரு சாதி. இவற்றுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் 'டு' வர வேண்டும், 'நாட்' போட வேண்டியதில்லை, மறுப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஃபெயிலுக்கு வாக்கியங்கள் தாராளமாக வந்தன. தண்ணீர் எடுக்கத் தவறினேன், மாட்டைக் கட்டத் தவறினேன், தம்பியைத் தூக்கத் தவறினேன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ரெஃப்யூஸ் வந்ததும் எல்லாப் பேனாவும் நின்றுவிட்டது.

"ஏன், புரியலையா?" என்றேன்.

அழகி எழுந்தாள். "புரியுது டீச்சர். ஆனா நாங்க யாரும் எதையும் மாட்டேன்னு சொன்னதே கெடையாது. சொந்த வாழ்க்கைன்னுட்டீங்க, பொய்யை எப்படி எழுதுறது?"

அண்ணே, உங்களுக்கே தெரியும், நான் வாய் செத்தவள். அன்றைக்கு என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை. "அப்படின்னா இன்னைக்கு வீட்டுல ஏதாவது ஒண்ண மாட்டேன்னு சொல்லிட்டு வந்து எழுதுங்க" என்றேன். அதையே வீட்டுப்பாடமாகவும் போட்டுவிட்டேன்.

பெண்பிள்ளைகள் என்னைப் போலவே பணிவானவர்கள், வீட்டுப்பாடத்தை ஒருத்தி கூடத் தவறவிடவில்லை. ஒருத்தி விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி அடைகாக்கிற கோழிக்குக் காவல் இருக்க மாட்டேன் என்று எழுந்து போயிருக்கிறாள், தையல்காரர் மகள் சடை பின்ன மாட்டேன் என்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தாள், வாக்கியம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது, அந்த வகுப்பில் அத்தனை பேரும் ஒரே நாளில் 'டு'வைச் சரியான இடத்தில் போட்டது இதுவே முதல் தடவை. நான் சந்தோஷப்பட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போதே அழகியின் தாயார் மூக்காயி வராந்தாவில் வந்து நின்றார்.

"எருக்கூடையத் தூக்குடின்னா என்னமோ புஸ்ஸுன்னு சீறுறா. என்னடின்னு கேட்டா வீட்டுப்பாடம்ங்கிறா. அடுத்த வாரம் என்ன பாடம், என்னைய வீட்ட விட்டுத் தொரத்துறதா?"

மூக்காயிக்குப் பின்னால் இன்னும் சில தாய்மார்கள் நின்றார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கே வீடு வீடாப் போய்ச் சமாதானம் சொல்லிட்டு வந்துருங்க" என்றார். போனேன். ஒரு வருஷமாக இந்த ஊரில் ஒரு வீட்டு நடையையும் மிதிக்காதவள், அன்றைக்குத் தெருத் தெருவாக ஏறி இறங்கினேன். விளக்கெண்ணெய் வீட்டில் திட்டிவிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். கோழி வீட்டில் திட்டிக்கொண்டே பணியாரம் வைத்தார்கள், தின்றேன். தையல்காரர் வீட்டில் திட்டவே இல்லை, கம்மங்கூழ் மட்டும் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். மூக்காயி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூச்சு முட்டியது. அவர் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நான் பாதி களியை உள்ளே தள்ளும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"கண்ணு பிதுங்குது. வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே. ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நீங்க ஏன் தின்னு சாகுறீங்க?"

கதவுக்குப் பின்னால் அழகி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், களி புரையேறியது. மூக்காயி என் தலையில் தட்டிக்கொண்டே, "ஒத்தையிலயா இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் புஸ்ஸு என்னன்னு எனக்கும் சொல்லுங்க" என்றார். ரெஃப்யூஸ் என்றால் மாட்டேன் என்று சொல்வது என்றேன். என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டார்.

"புருஷங்காரன்கிட்டயும் சொல்லலாமா?"

"இலக்கணத்துல தடை இல்ல" என்றேன்.

இப்படிப்பட்ட ஒரு டீச்சர் இந்த ஊருக்கு எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஞாயிறன்று வாருங்கள். பெட்டியைக் கட்டிவிட்டேன். பாயைச் சுருட்டிவிட்டதால் இதை வெறுந்தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊருக்கு எழுதும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் தோத்திரம் சொல்லவும். மதினிக்குச் சுகப்பிரசவம் ஆக மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் தூங்கும்போது எனக்காக அவர்கள் நெற்றியில் ஒரு சிலுவை போடவும்.

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தங்கை,
அருள்ராணி.

பி.கு.: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பஸ் சரியாக ஓடவில்லை என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். மேலே மைத் திட்டாகத் தெரிவது அவைதான். பஸ் ஓடுகிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் பொன்மலைக்கு வர மாட்டேன். தனிமை இங்கே இருக்கத்தான் செய்கிறது. உங்கள் வீட்டில் அத்தனை பேருக்கு நடுவிலும் எனக்கு அது இருந்தது, அப்போது சொல்லத் தெரியவில்லை. மதினியின் பேறுகாலத்துக்கு லீவு போட்டு வருவேன், பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கோபம் வந்தால் இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்த முகவரிக்கு உங்கள் கடிதம் ஒன்றுதான் வருகிறது.