சீனத்து மாமா

"மாமான்னா யாருங்க? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

குடவாசலிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்திருந்த குழந்தைராஜ், கீழவாசலில் பதிப்பகத்தின் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். அவர் நீட்டிய போனில், முந்தின நாள் பதிப்பகம் பேஸ்புக்கில் போட்ட பக்கம் இருந்தது.

பதிப்பாளர் சபரிநாதன் இன்னும் டீ குடிக்கவில்லை. டீ குடிக்குமுன் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கு நல்ல பதில் கிடைத்ததும் இல்லை.

"மாமான்னா மாமாதான். இது சீனாக்காரன் எழுதின விஞ்ஞானக் கதைங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு நடக்குது. மெஷினே உழுது, மெஷினே நாத்து நடுது. படிச்சீங்களா, படிக்காமலே கத்துறீங்களா?"

"படிச்சேன்." குழந்தைராஜ் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "'அப்பா இறந்து ஒரு மாமாங்கம் ஆவதற்குள் மாமா ஏழு போகம் வரப்பை நகர்த்திவிட்டார். போகத்துக்கு ஒரு சாண். இயந்திரத்தின் வரைபடத்தில் எங்கள் வயல் தேய்ந்துகொண்டே வந்தது.' இதை மொழிபெயர்த்தது யாரு? ஃபிளோரா டீச்சர். எங்கூடப் பொறந்த அக்கா. அக்கா வீட்டுக்காரர் போனதுலேருந்து அவங்க வயலைச் சாகுபடி பண்றது யாரு? நான். அக்கா பொண்ணுக்கு இந்த உலகத்துல இருக்கிறது ஒரே மாமா. அதுவும் நான். டீக்கடையில உட்கார முடியல. இந்தக் கதையை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது."

நிஜமாகவே முடியாது. ஆங்கிலத்தில் வந்த ஒரு தற்காலச் சீன விஞ்ஞானச் சிறுகதைத் தொகுப்பைத் தமிழில் கொண்டுவர, சபரிநாதன் இரண்டு வருடம் நாயாய் அலைந்து உரிமை வாங்கியிருந்தார். பஞ்சாங்கமும் கோனார் உரை மாதிரி நோட்ஸும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, இலக்கியப் பதிப்பாளர் என்று பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற வெறி. ஒப்பந்தத்தில் இரண்டே நிபந்தனைகள் முக்கியம். பங்குனி முடிவதற்குள், அதாவது வருகிற சனிக்கிழமைக்குள், புத்தகம் வர வேண்டும். மூல நூலின் கதைகளில் ஒன்றைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மீறினால் உரிமை போய்விடும், அச்சிட்டது அத்தனையும் குப்பை. ஆங்கிலம் என்றாலே சபரிநாதனுக்கு எரிச்சல் என்பதால், பதினாறு பக்க ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னதே ஃபிளோரா டீச்சர்தான்.

அவருக்கே போன் போட்டார்.

"டீச்சர், உங்க தம்பி வந்து நிக்கிறாரு."

"எதுக்காம்?" டீச்சர் முப்பது வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். குரல் ஏறவே ஏறாது.

"மாமா வரப்பை நகர்த்தினார்னு எழுதிட்டீங்களாம்."

"நான் எங்க எழுதினேன்? இங்கிலீஷ்ல அங்கிள்னு இருக்கு. எந்த அங்கிள்னு அவங்க சொல்லல. குத்துமதிப்பா மாமான்னு போட்டேன். அவனுக்குச் சங்கடமா இருந்தா சித்தப்பான்னு மாத்திக்குங்க."

இந்த இடத்தில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும். அம்மாவோடு பிறந்தவன், அப்பாவுக்கு மூத்தவன், அப்பாவுக்கு இளையவன், சித்தியைக் கட்டியவன், அடுத்த வீட்டில் குடியிருப்பவன், எல்லாருக்கும் ஒரே சொல். சீனர்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது. நடுவில் புகுந்த ஆங்கிலம் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது. எவன் மாமன், எவன் சித்தப்பன் என்று தெரியாத பாஷையில் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ.

"அனீஸா, மாமாவை எல்லாம் சித்தப்பா ஆக்கிடும்மா."

அனீஸா நாகூர்ப் பெண். பதிப்பகத்தில் டைப்செட்டிங், அட்டை, பேஸ்புக், ஜிஎஸ்டி எல்லாம் அவள்தான். இரண்டு விசையைத் தட்டினாள். கதை முழுவதும் மாறிவிட்டது. மாறிய பக்கத்தை பேஸ்புக்கிலும் போட்டாள். குழந்தைராஜ் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாசல்படி இறங்கினார்.

மறுநாள் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவர் கிளாட்சன், ஃபிளோரா டீச்சருடைய கொழுந்தன். வந்தவர் உட்காரவில்லை.

"நேத்து வரைக்கும் மாமாவா இருந்தவன் ராத்திரிக்குள்ள எப்படிய்யா சித்தப்பா ஆனான்?"

"சார், இது சீனாக்காரன்..."

"சீனாக்காரன் சாணுல அளப்பானா? அண்ணி வயலுக்குத் தெற்கே யாரு வயல்? என்னுது. அண்ணன் செத்ததுலேருந்து அந்த வரப்புல நான் கால்கூட வெச்சதில்லை. சொந்தக்காரப் பசங்க எல்லாம் இதைப் படிச்சிட்டு, 'சித்தப்பா, நெஜமாவா'ன்னு கேக்குறாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டுப் போன இடத்துல கேக்குறாங்க. இதுல 'ஒரு சித்தப்பாங்கம் ஆவதற்குள்'னு கிண்டல் வேற."

சபரிநாதன் போனைப் பிடுங்கிப் பார்த்தார். அனீஸா தட்டிய இரண்டு விசை, மாமாங்கத்திலிருந்த மாமாவையும் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பகோணமே திரளுகிற மாமாங்கம், சித்தப்பாங்கம் ஆகியிருந்தது. கீழே நூற்றுப்பத்துப் பேர் சிரித்திருந்தார்கள்.

"இது கம்ப்யூட்டர் பண்ணினது சார்."

"கம்ப்யூட்டர் எனக்கு அண்ணியா? இன்னிக்கு மாத்தல, நாளைக்கு வக்கீலோட வருவேன்."

சபரிநாதனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சீனா மேல், ஆங்கிலத்தின் மேல், டீச்சரின் புகுந்த வீடு, பிறந்த வீடு இரண்டின் மேலும். அனீஸாவிடம் கத்தினார். அவள் பதிலுக்கு, "நீங்கதானே சார் எல்லாத்தையும்னு சொன்னீங்க" என்றாள். அதில் இன்னும் கோபம் வந்தது. டீச்சருக்குப் போன் போட்டார்.

"கிளாட்சனும் வந்தானா?" என்றார் டீச்சர். "என்ன சொன்னான்?"

"வரப்புல கால்கூட வெச்சதில்லையாம்."

"அப்படியா. சரி, பெரியப்பான்னு போடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

"நேரா அங்கிள்னே போட்டுட்டா என்ன டீச்சர்?"

"தமிழ்ப் புத்தகத்துல இங்கிலீஷா? இலக்கியப் பதிப்பாளர்னு உங்களை எவன் சொல்லுவான்?"

அந்த இடத்தில் தொட்டால் சபரிநாதன் அடங்கிவிடுவார். பெரியப்பா ஆயிற்று. இந்த முறை மாமாங்கத்தை அவரே தேடிப்பிடித்து, பெரியப்பாங்கம் ஆகிவிடாமல் காப்பாற்றினார். பேஸ்புக்கில் போட வேண்டாம் என்று அவர் சொல்ல நினைத்தபோது, போட்டாயிற்று என்றாள் அனீஸா. டீச்சர் அவளுக்குத் தனியாகப் போன் செய்து சொன்னாராம்.

புதன்கிழமை பத்து மணிக்கு ரெமிஜியஸ் வந்தார். டீச்சருடைய கணவரின் அண்ணன், எழுபது வயது, சபை மூப்பர், வெள்ளை வேட்டி. வரும்போதே சபரிநாதன் எழுந்து நின்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, நீங்க கத்துறதுக்கு முன்னாடி நான் கத்திடறேன். இது சீனாக்காரன் கதை. நடக்கிறது சீனாவுல. அந்தப் பெரியப்பாவுக்குச் சீன மூஞ்சி. உங்களுக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கதையை எடுக்க மாட்டேன். எடுத்தா என் உரிமை போயிடும். இனி எவன் வந்தாலும் எடுக்க மாட்டேன்."

ரெமிஜியஸ் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஏழு போகம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"தப்பு. அஞ்சுதான்."

சபரிநாதனுக்கு ஒரு கணம் புரியவில்லை. சீனக் கதையில் கணக்குப் பிழை கண்டுபிடித்த முதல் வாசகர் இவர்தான் என்று நினைத்தார்.

"எது அஞ்சு?"

"போகம். போகத்துக்கு ஒரு சாண்கூட முழுசா இருக்காது. வெட்டி வெட்டி வரப்பு அதுவா கரைஞ்சது. அவ வயலுக்கு வடக்கே நான்தானே. ஏழுன்னு அச்சடிச்சா நாளைக்குக் கோர்ட்டுல அதுதானே சாட்சி? அஞ்சுன்னு மாத்துங்க, இல்ல, கதையை எடுங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அனீஸா தட்டுவதை நிறுத்திவிட்டாள். சபரிநாதனுக்கும் பொறி தட்டியது. சீன இலக்கியத்துக்குச் சேவை செய்யப் புறப்பட்டு, யார் யாருடைய வயலிலோ கால் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னார். டீச்சர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அஞ்சுன்னா சொன்னார்?" என்றார்.

"ஆமா டீச்சர். மாத்திடவா? நாளன்னிக்குப் பிரஸ்ஸுக்குப் போகணும்."

"மூலத்துல ஏழுன்னுதான் இருக்கு. மாத்தினா ஒப்பந்தத்தை மீறினதா ஆகும். அவர் வரப்பைப் பழைய இடத்துல போட்டா, பெரியப்பாவை வேணா எடுத்துடலாம். நாளைக்குக் காலையில சர்வேயரை நான் வரச்சொல்றேன், அவரை வயலுக்கு வரச்சொல்லுங்க. நீங்களும் வாங்க சபரி சார், வெளியாள் ஒருத்தர் சாட்சி இருந்தா நல்லது."

வியாழக்கிழமை காலை சபரிநாதன் குடவாசலுக்கு அந்தப்பக்கம் ஒரு வயலில் நின்றிருந்தார். சம்பா அறுத்த வயலில் உளுந்து காய்த்து நின்றது. அதை மிதித்ததற்காகக் குழந்தைராஜிடம் திட்டு வாங்கினார். புத்தகம் போடுகிறவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பளக்கிற இடத்தில் என்ன செய்கிறேன் என்று நினைத்தபோது அவருக்கு ஆத்திரத்தில் கண்ணே கலங்கியது. இரண்டு நாளில் அச்சாகவில்லை என்றால் இரண்டு வருடம் போச்சு. தெற்கு வரப்பில் கிளாட்சன் கைகட்டி நின்று, தன் பக்கம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே ரெமிஜியஸ் குடை பிடித்து நின்றார். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. நாடாவை மட்டும் பார்த்தார்.

சர்வேயர் வடக்கே அளந்து, பழைய கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு, நிமிர்ந்தார்.

"ஏழு சாண் வருதுங்க."

"சீனாக்காரன் கணக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார் குழந்தைராஜ்.

ரெமிஜியஸ் குடையை மடக்கினார். "அஞ்சுதான்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தார்.

"எட்டு வருஷமா வீடு வீடா வந்து கேட்டேன்," என்றார் டீச்சர். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் குரல் ஏறியது. "வயல் குறையுதே, யாரு வரப்பை வெட்டுறதுன்னு. மூணு பேரும் எனக்குத் தெரியாதுன்னீங்க. பொம்பளைக்கு அளக்கத் தெரியாதுன்னீங்க. என் புருஷன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்த மூணு பேரும் வந்தீங்க, அவர் வயலைக் கேட்டப்ப ஒருத்தரும் வாயைத் திறக்கல. வெட்கமா இல்ல உங்களுக்கு?"

ஆள் விட்டு அன்றைக்கே புது வரப்புப் போட்டார்கள். ரெமிஜியஸ் கையெழுத்திட்டார், சாட்சியாகச் சபரிநாதனும் கையெழுத்திட்டார். பேனாவும் அவருடையதுதான்.

"இப்ப என்ன போடட்டும் டீச்சர்?"

"அங்கிள்னே போட்டுடுங்க," என்றார் டீச்சர். "இனிமே யாரா இருந்தா என்ன."

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சேறியது. சனிக்கிழமை காலை, ஐந்நூறு பிரதியும் கட்டுக்கட்டாகப் பதிப்பகத்துக்கு வந்தன. சபரிநாதன் ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தார். மாலை வெளியீட்டு விழா. அதற்கு முன் ஐந்து பிரதிகளை உரிமை கொடுத்தவர்களுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படிவம். தமிழ்த் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் ஆங்கிலத் தலைப்பை நிரப்பி, 'மூலத்தில் உள்ளபடியே' என்று பதிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். சபரிநாதன் முதலிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு, தலைப்புகளை அனீஸாவிடம் விட்டுவிட்டார்.

ஆங்கிலப் புத்தகம் இதுவரை டீச்சரிடமே இருந்தது. கேட்டனுப்பியதும் உடனே கொடுத்துவிட்டிருந்தார், இனி அவருக்குத் தேவையில்லையாம். அனீஸா இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பத் தொடங்கினாள். சபரிநாதன் டீ குடித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீ தொண்டையில் இனித்தது. மாமனும் சித்தப்பனும் பெரியப்பனும் ஒழிந்தார்கள், ஒரு கதையையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று மேஜையைத் தட்டிச் சொன்னார்.

அனீஸா ஆங்கிலப் புத்தகத்தை முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், மத்த பதினோரு கதைக்கும் தலைப்பு இருக்கு. இந்த வரப்புக் கதை மட்டும் சீனாக்காரன் எழுதவே இல்ல."