மடி என்னுடையது

மதிப்பிற்குரிய லுக்குட் நல்லசாமி மாமா அவர்களுக்கு,

ரந்தாவ் தோட்டத்து வீட்டிலிருந்து உங்கள் அக்காள் மகன் புனிதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், கோழிகள் சுகம். அங்கே அத்தை சுகமா? என் சுகத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் உங்களிடம் பேசிவிட்டார்கள் என்று தெரிகிறது. அதனால் நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

போன் பண்ணலாம்தான். நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிள் கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். போன தடவை டயர் மாற்ற வந்த ஆள் எனக்கு வைத்தியம் சொன்னான். ஆகவே தாளில் எழுதுகிறேன். நாளை அம்மா லுக்குட் வரும்போது கொண்டு வந்து கொடுப்பார். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

சுற்றி வளைக்க எனக்கு நேரமில்லை. கோலா சாவா கோயிலில் ஷாமினி அக்கா மகளுக்குக் காது குத்தும்போது பாப்பா என் மடியில்தான் உட்காரும். தாய்மாமன் நான். "அவனுக்கு உடம்புல தெம்பில்ல, புள்ளய கீழ போட்டுருவான், நான் உக்கார்றேன் லா" என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. தாய்மாமன் மடி என்ன, ஆலையில் ஷிப்ட் மாற்றிக்கொள்வதுபோல ஆள் மாற்றிக்கொள்கிற சாமானா?

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள். இதற்குத் தசை அழற்சி என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தடம் மாறி என் தொடையையும் தோளையும் தாக்குகிறது. எங்கள் செம்பனை ஆலை வாசலில் காவல் நிற்கிற ஜாகா, திருடனை விட்டுவிட்டு வேலைக்கு வருகிற எங்களைத் தடியால் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி. டாக்டர் தரும் மாத்திரை அந்த ஜாகாவை உட்கார வைக்கிறது. நீங்கள் கடையில் விற்று எனக்கும் அனுப்பிய பச்சைப் பொடி, டின்னிலேயே போட்டிருக்கிறதே, 'எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' என்று, அது அவன் கையில் இன்னொரு தடியைக் கொடுக்கிறது. "எனக்கு அது குறையல மாமா, கூடிப்போச்சு" என்று போனில் எத்தனை தடவை சொன்னேன்! "கூடிப்போச்சா? அப்ப இன்னும் நல்லதுதானடா மாப்ள!" என்றீர்கள். பின்னால் யாரோ கைதட்டினார்கள். டின்னைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காதே என்றார். மாத்திரையால் எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமாம்.

இதற்கிடையில் அம்மா இந்தத் தசை அழற்சியைத் தோட்டம் முழுக்க "எம்மவனுக்கு மசல்ல வீக்கம்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மோகனா ஆன்ட்டி பார்க்க வந்து, "எங்க, வீக்கத்தக் காட்டு" என்று நிற்கிறார். உள்ளே இருக்கிற அழற்சியை நான் எங்கே போய்க் காட்டுவது? மாத்திரையால் முகம் மட்டும்தான் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "ஆள் நல்லா தேறிட்டான், கன்னத்தப் பாரு" என்று திருப்தியாகப் போகிறார். அந்த மாத்திரை பசியையும் கிளப்பிவிடுகிறது, கண்ணில் பட்டதையெல்லாம் தின்னத் தோன்றுகிறது, அதனால் உப்பு, சீனி இரண்டையும் குறைக்கச் சொன்னார்கள். காலில் வலுவில்லை என்பதால் அம்மா ஆட்டுக்கால் சூப் வைக்கிறார். வாயில் வைத்தால் கடல் தண்ணீர். கேட்டால், "சத்தியமா உப்பு ஒரு கல்லு போடலடா! கிச்சாப்தான் ஊத்துனேன்" என்கிறார். அந்த சோயா கிச்சாப்பிலும் உப்புதான் இருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தால், அடுத்த நாள் கிச்சாப் போய் நெத்திலிக் கருவாட்டுத் தூள் வருகிறது.

திறக்காத டின்களை வீணாக்கக்கூடாது என்று, கை தூக்கும் பயிற்சிக்குக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன். மாமா, உங்கள் பொடி எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். அதை அம்மா உங்களிடம் எப்படிச் சொன்னார்? "காலையில ரெண்டு டின், சாயங்காலம் ரெண்டு டின் எடுக்குறான்." உடனே ஒரு பெட்டி நிறைய டின் வந்து இறங்கியது. போதாக்குறைக்கு, 'தினமும் நாலு டின்' என்று எழுதி, என் ஊதிப்போன முகத்தைப் படமாகக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களாம். அதை இன்றே கிழியுங்கள். என் கன்னத்தை நம்பி யாராவது வாங்கிக் குடித்தால் பாவம் உங்களுக்குத்தான்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் வனேசா, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார். களைத்தால் நிறுத்தச் சொன்னார். ஆலையில் பம்ப் பார்க்கிறவன் நான், களைப்பு வரும்வரை ஓட்டிப் பார்த்தால்தானே இயந்திரத்தின் அளவு தெரியும்? ஓட்டினேன். மறுநாள் பல் துலக்கக் கை மேலே வரவில்லை. "புனிதன், நீங்க பம்ப் இல்ல லா, மனுஷன்" என்று திட்டினார். அதற்கடுத்து நடந்தது பின்கட்டுக் கழிப்பறையில். குந்தியவன் எழ முடியாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். நான் எழவில்லை, குழாய் எழுந்தது. அம்மா வெளியிலிருந்து, "மழையாடா?" என்று கேட்டார். குழாயைப் பின்னால் நானே சரிசெய்துவிட்டேன். அதையும் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

ஆனால் இதைக் கேளுங்கள். உயர்ந்த நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, அம்மா சமைக்கிற குசினியின் குட்டை முக்காலி என்று படிப்படியாக இறங்கி வந்திருக்கிறேன். நேற்று முக்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தேன். அம்மாதான் சாட்சி. அழுதுவிட்டார், கேட்டால் வெங்காயம் என்கிறார். இனி மிச்சம் இருப்பது தரை மட்டும். தரை எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆகவே நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு விருந்தாளியாக வாருங்கள், சாப்பிடுங்கள், போங்கள். என் மடிக்குப் பக்கத்தில் உங்களுக்கு வேலையில்லை. யார் உதவியும் எனக்குத் தேவையில்லை.

அத்தைக்கு என் வணக்கம். கடைக்கு வருகிற வைத்தியர்கள் அனைவருக்கும் என் அன்பு. உங்கள் ஆசியை மட்டும் அனுப்புங்கள், பெட்டி வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் ஒரே தாய்மாமன்,
புனிதன்

பி.கு.: நாளை வரை பொறுக்க முடியாது. அதனால் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடிதம் முழுவதையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினேன். உட்காருவது நிரூபணம் ஆகிவிட்டது. எழுவது ஆகவில்லை. அம்மா ரந்தாவ் பாசாருக்குப் போயிருக்கிறார். அடுப்பில் சூப் தீய்கிற வாடை வருகிறது. டின்னெல்லாம் எட்டாத தூரத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் ஊன்றியாவது எழுந்திருப்பேன். பின்கதவு திறந்துதான் இருக்கிறது. வந்ததும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இரண்டு தடவை பழகிக்கொள்வோம், ஏனென்றால் கோயிலிலும் இதையேதான் செய்யப் போகிறீர்கள். மடி என்னுடையது, அதில் மாற்றமில்லை. ஆனால் எனக்குக் காது குத்தும்போது நான் உட்கார்ந்தது உங்கள் மடியில்தானே? தாய்மாமனுக்குப் பின்னால் அவனுடைய தாய்மாமன் உட்காரக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. பாப்பாவை நான் பிடித்துக்கொள்கிறேன், என்னை நீங்க பிடிச்சுக்குங்க. கால் மரத்துப்போச்சு மாமா, மோட்டாரை எடுங்க. ஷாமினி அக்காவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க.