டாக்டர் வூகாஷின் செத்த ஞாயிற்றுக்கிழமை

மிலிவோய் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு மணி இனி அவருடையது. உயிரே போனாலும் விடுவதில்லை. இந்த முடிவை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்கிற அளவுக்கு அவருக்கு உயிர்மேல் இன்னும் வெறுப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. 'பிளம் தோட்டத்து மருமகள்கள்' என்று ஒரு தொடர் டிவியில் நாலு வருஷம் ஓடியது. அந்த நாலு வருஷமும் ஞாயிறு எட்டு மணி ஆனால் லெஸ்கோவாட்ஸ் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அவர் மனைவி தெசாங்கா டிவி முன்னால் உட்கார்ந்தாளென்றால் பக்கத்தில் இருப்பவர் இருமுவதற்குக்கூட விளம்பர இடைவேளை வரை காத்திருக்க வேண்டும். கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை மிலிவோய் திங்கட்கிழமை காலையில் ரொட்டிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். ஒருவழியாகத் தொடர் முடிந்தது. மனிதர் ஆனந்தக் கண்ணீர் விட்டார். தெசாங்கா அதைச் சோகக் கண்ணீர் என்று நினைத்து அன்றைக்கு அவருக்கு இரண்டு துண்டு கேக் கூடுதலாகக் கொடுத்தாள்.

இப்போது என்னடாவென்றால், வெட்டிய மரம் துளிர்த்த மாதிரி அதே தொடரிலிருந்து ஒரு கிளைத்தொடர். கடைசி மருமகள் பெத்ரா தலைநகருக்குப் போய்ப் பிழைக்கிற கதையாம். பெயர் 'பெல்கிரேடில் பெத்ரா'. வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு முதல் பாகம். கோப்பை ஆட்டங்களும் அதே ஞாயிறு எட்டு மணிக்குத்தான் தொடங்குகின்றன. ஊர் அணி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இந்த முறைதான் கோப்பைக்குத் தேறியிருந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு டிவி.

அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் மிலிவோய் சிவப்பு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்குப் பாட்டில் பாட்டிலாக ஐவார் என்கிற மிளகாய்த் துவையலை அரைத்து வைக்கிற காலம் அது. ஆண்கள் சுட, பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து தோல் உரித்தார்கள். தொடரின் முன்னோட்டம் முந்தின நாள்தான் வந்திருந்ததால் மிளகாயைவிடப் பேச்சில் காரம் தூக்கலாக இருந்தது.

"பெத்ராவை வச்சு ஒரு தொடரா? அவளுக்கு அழவே தெரியாதேடி! மூக்கை மட்டும் உறிஞ்சுவா," என்றாள் மூன்றாம் மாடிக் கோசாரா.

"பாவம், சின்னப் பொண்ணு. முன்னேறிட்டுப் போகட்டுமே," என்றாள் ஒருத்தி.

"முன்னேறட்டும். பாட்டை ஏன் மாத்தணும்? அக்கார்டியனைக் கேட்டாலே எனக்குக் கண்ணு கலங்கும். இப்ப என்னமோ டொம்மு டொம்முன்னு கதவைத் தட்டற மாதிரி அடிக்கிறாங்க."

"பாட்டு கிடக்கட்டும்," என்றாள் தெசாங்கா. "டாக்டர் எங்கே?"

எல்லோர் கையும் நின்றது. டாக்டர் வூகாஷின்தான் அந்தத் தொடரின் உயிர். மருமகள்கள் அத்தனை பேருக்கும் நாடி பார்த்தவர். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நாடியை எகிற வைத்தவர். முன்னோட்டத்தில் அவரைக் காணவில்லை. பெத்ரா மட்டும் கருப்பு உடையில் மின்னல் மாதிரி வந்து போனாள்.

"கருப்பு எதுக்குப் போட்டிருக்கா? சகுனமே சரியில்லைடி," என்றாள் கோசாரா.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க," என்றாள் தெசாங்கா. "டாக்டரைக் கொன்னாங்கன்னா, என் வீட்டு டிவியில அந்தத் தொடர் ஓடாது. இது சத்தியம்."

மிலிவோயின் காதில் தேன் பாய்ந்தது. கையில் இருந்த மிளகாய் கருகியது. டாக்டர் செத்தால் தொடர் சாகும். தொடர் செத்தால் கால்பந்து பிழைக்கும். ஒரு மனிதர் போனால்தான் என்ன? அதுவும் உலகத்திலேயே இல்லாத மனிதர்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே அவர் சவப்பெட்டிக் கடைக்குப் போனார். அந்த ஊரில் யார் செத்தாலும் படம் போட்ட துக்க அறிவிப்பை அங்கேதான் அடிப்பார்கள். அதை விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் வீட்டு வாசற்கதவிலும் ஒட்டினால்தான் செத்தவர் முறைப்படி செத்தவர். டிவி இதழிலிருந்து கத்தரித்த டாக்டரின் படத்தை மிலிவோய் மேஜைமேல் வைத்தார்.

கடைக்காரம்மா படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்ச முகமா இருக்கே. உங்களுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

"அடடா. எப்பப் போனார்?"

"ஞாயித்துக்கிழமைதான் போவார்."

அவர் சொல்லச் சொல்லக் கடைக்காரம்மா எழுதிக்கொண்டாள். 'எங்கள் அன்புக்குரிய டாக்டர் வூகாஷின் ஞாயிறு எட்டு மணிக்கு, முதல் பாகத்திலேயே இயற்கை எய்துகிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"கீழே, துக்கத்தில் இருப்பவர்கள்னு யார் பேரைப் போடறது?"

"யார் பேரும் வேண்டாமே."

"பேர் இல்லாம அடிக்க மாட்டேன். கேட்க நாதியில்லாத சாவா இது?"

மிலிவோய் யோசித்தார். டாக்டர் படத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்த்தால் தெசாங்கா உருகிப்போவாள். உருகினவள் டிவி பக்கமே திரும்ப மாட்டாள். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"போடுங்க. மிலிவோய், தெசாங்கா, குடும்பத்தார்."

அறிவிப்பை வாசற்கதவில் ஒட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பெண்கள் கூடினார்கள். கோசாரா நெஞ்சில் கை வைத்தாள். தெசாங்கா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"உனக்கு யார் சொன்னது?" என்றாள்.

"பெல்கிரேடுல என் மாமா பையன் படப்பிடிப்புல விளக்குப் பிடிக்கிறான். எடுத்த எடுப்பிலேயே முடிச்சுட்டாங்களாம் பாவிங்க. என்னாலேயே தாங்க முடியலை."

தெசாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். மிலிவோய் சீழ்க்கையடித்தபடி கடைத்தெருவுக்குப் போய், ஆட்டத்தின்போது கொறிக்கப் பூசணி விதை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

டிவிமேல் கருப்புத் துணி கிடந்தது. தெசாங்கா தலைமுதல் கால்வரை கருப்பில் நின்றாள்.

"என்னடி இது?"

"துக்கம்."

"துக்கமா? யாருக்கு?"

"கீழே நோட்டீஸ்ல யார் பேர் இருக்கு? உன் பேர். என் பேர். அப்ப சாவு யார் வீட்டுச் சாவு?"

"அது சும்மா ஒரு..."

"சாவுல சும்மான்னு ஒண்ணு உண்டா மனுஷா? நாற்பது நாளைக்குத் துக்க வீட்டுல டிவி கிடையாது. பாட்டு கிடையாது. நீ சவரம் பண்ணக் கூடாது."

"கால்பந்து பாட்டு இல்லையேடி!"

"பாட்டு இல்லை. கூத்து. பொட்டலத்துல என்ன?"

"பூசணி விதை."

"நல்லது. வர்றவங்களுக்கு வைக்க ஆச்சு."

வந்தார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து அழைப்பு மணி ஓயவில்லை. துக்கம் கேட்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஆளுக்கொரு காபிப் பொட்டலமும் சர்க்கரையும் கொண்டுவந்தார்கள். தெசாங்கா வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கினாள். வந்த ஒவ்வொருவருக்கும் மிலிவோய் தன் கையாலேயே தன் பிளம் ராக்கியாவை ஊற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷம் மரப்பீப்பாயில் ஊறிய சரக்கு. செத்தவரின் ஆன்மாவுக்கென்று முதல் சொட்டைக் கீழே சிந்துவது வழக்கம் அல்லவா? டாக்டரை நிறையப் பேர் நேசித்ததால் நிறையவே சிந்தினார்கள். தரைவிரிப்புக்கு மத்தியானத்துக்குள் போதையேறிவிட்டது.

"உங்களுக்கு வந்த கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது, மிலிவோய்," என்றார் ரொட்டிக் கடைக்காரர், கையை விடாமல் குலுக்கியபடி. "அதுவும் ஞாயித்துக்கிழமையாப் பார்த்தா வரணும்?"

"ஈடு செய்ய முடியாத இழப்பு," என்றாள் கோசாரா. "மனசைத் தேத்திக்குங்க."

மிலிவோய்க்கு நிஜமாகவே துக்கம் வந்துவிட்டது. தாடி வேறு அரிக்கத் தொடங்கியிருந்தது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவர் மதுக்கடைக்கு நழுவினார். அங்கே சுவரில் பெரிய டிவி உண்டு. நாளைக்கு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டால் போதும். உள்ளே காலை வைத்தார். கடைக்காரர் அவரைக் கண்டதும் ஓடிப்போய் டிவியை அணைத்தார். குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

"உட்காருங்கப்பா, உட்காருங்க. டிவியைப் போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

"அது எப்படி? துக்க வீட்டு மனுஷன் முன்னாடி எங்களுக்கு என்ன கேளிக்கை வேண்டிக்கிடக்கு?" என்றார் கடைக்காரர். "நாளைக்கும் நீங்க வந்தீங்கன்னா, நாளைக்கும் அணைச்சுடுவேன். கவலைப்படாதீங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த நாற்பது வருஷ நண்பன் தீஹோமிரை அவர் வெளியே இழுத்துவந்தார்.

"தீஹோ, நாளைக்கு உன் வீட்டுல..."

"டேய், நீ இருக்கிற நிலைமையில எப்படிடா? இறுதிச் சடங்கு வீட்டுக்காரனுக்கு எதுக்குடா இறுதி ஆட்டம்?"

"இறுதி ஆட்டம் இல்லைடா, முதல் ஆட்டம்!"

"உனக்கு இறுதிதான்," என்று தீஹோமிர் அவரைக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

ஞாயிறு வந்தது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தெசாங்கா கருப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். கையில் ஒரு கிண்ணம். செத்தவருக்காக வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் கலந்த கோதுமை.

"எங்கே போறே?"

"கோசாரா வீட்டுக்கு. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"தொடர் பார்க்கவா? துக்க வீட்டுக்காரி டிவி பார்க்கலாமா? டாக்டரைக் கொன்னா பார்க்க மாட்டேன்னு சத்தியம் வேற பண்ணினியே!"

"என் வீட்டு டிவியில ஓடாதுன்னுதான் சத்தியம் பண்ணினேன். ஓடுதா? அதுவும் நான் பார்க்கவா போறேன்? மனுஷன் கடைசி மூச்சு விடற நேரத்துல பக்கத்துல இருக்கப் போறேன். நீ வீட்டுல இரு. யாராவது துக்கம் கேட்க வந்தா ஊத்திக் கொடு."

கதவு சாத்தியதுதான் தாமதம், மிலிவோய் கருப்புத் துணியை விலக்கினார். டிவி இருந்தது. அதன் பின்பக்கத்து மின்கம்பியைக் காணவில்லை. அலமாரி, கட்டில் அடி, ஐவார் பாட்டில்கள் வரை துழாவினார். கிடைக்கவில்லை. தெசாங்காவின் சால்வைக்குள் போயிருக்கும்.

எதிர்க் கட்டடத்து ஜன்னல்களிலிருந்து "ஓஓஓ!" என்று ஒரே கூச்சல். கோல்! யார் போட்டது? நம்மவனா, அவர்களா? ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக் கேட்கலாம். துக்க வீட்டுக்காரன் கோல் கேட்டான் என்று ஊர் சிரிக்கும். விரலைக் கடித்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. சற்று நேரத்தில் மேல்மாடியிலும் கூச்சல். பெண்கள் கத்தினார்கள், கைதட்டினார்கள், கூரை அதிரக் குதித்தார்கள். இது எந்தக் கோல் என்று அவருக்குப் புரியவில்லை.

தெசாங்கா கன்னம் சிவக்க இறங்கி வந்தாள்.

"டாக்டர் உயிரோட இருக்கார்! பெத்ரா பெல்கிரேடுல வக்கீல் ஆயிட்டா. கருப்பு, வக்கீல் அங்கி. டாக்டர்தான் அவளுக்கு முதல் கட்சிக்காரர். தலைநகரத்துக்கே குடிவந்துட்டார். இனிமே வாரா வாரம் வருவார்!"

மிலிவோய் துள்ளி எழுந்தார். "அப்ப சாவே இல்லை! துக்கம் முடிஞ்சுபோச்சு! கம்பியைக் கொடு, இரண்டாம் பாதியாவது பார்க்கிறேன்."

"பெல்கிரேடுல விளக்குப் பிடிக்கிற உன் மாமா பையன்?"

இதற்குமேல் மறைத்து என்ன பயன்? "மாமா பையனும் இல்லை, விளக்கும் இல்லை. எல்லாம் நான் விட்ட புளுகு. போதுமா? கம்பியைக் கொடு."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்பத்துலேர்ந்து?"

"நீ கதவுல ஒட்டின பசை காயறதுக்குள்ள. சவப்பெட்டிக் கடைக்காரி கோசாராவோட நாத்தனார்."

"அப்புறம் எதுக்குடி கருப்பு போட்டே?"

"எனக்குக் கருப்பு எடுப்பா இருக்கு."

"சரி, தோத்துட்டேன். ஒத்துக்கறேன். இப்பவாவது துணியை எடுத்துடலாமா?"

"எப்படி எடுக்கிறது? நோட்டீஸ் ஒட்டியாச்சு. ஊர் பூரா வந்து துக்கம் கேட்டாச்சு. குளிர்காலம் முழுக்கக் குடிக்கக் காபி சேர்ந்தாச்சு. யாருமே சாகலைன்னு எப்படிச் சொல்றது? நாற்பது நாள் கழியட்டும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமையில நான் கோசாரா வீட்டுல பார்த்துக்கறேன்."

"நாற்பது நாளா? அதுக்குள்ள கோப்பையே முடிஞ்சுபோயிடுமேடி!"

"பின்னே?" என்றாள் தெசாங்கா. "அதுக்குத்தானே அத்தனை பேரும் உன்கிட்ட வந்து துக்கம் கேட்டாங்க."